மயிலிறகுப் போடருக்குள் ஸகியா

அந்த வருடம் எனக்குத் தலை சீவவும் நேரமில்லை. சண்டை முடிந்து இரண்டொரு மாதம் ஆகியிருந்தது, நோன்பு வரவோ சில கிழமைகள்தான் இருந்தன. கட்டாரிலும் சவூதியிலும் இருந்த மாப்பிள்ளைமார் எல்லோரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியது போல சாய்ந்தமருதில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் போட்ட வீடுகளுக்கெல்லாம் படம் எடுக்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

பிரதான வீதிக்கு மேற்கே இருக்கும் என் வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. 'பெண்களுக்கு மட்டும்' என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். அதை வாசித்த பிறகும் உள்ளே எட்டிப்பார்த்த ஒரு புது மாப்பிள்ளையை நான் தும்புத்தடியோடு சந்திவரை துரத்திய கதை ஊருக்கே தெரியும். பரீனாவுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான், அதற்கு இப்போது என்ன?

ஊரில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது போடர், படத்தைச் சுற்றிக் கட்டுகிற கரை. கெமராவில் விழுகிற படம் ஒரு அளவு, அச்சடிக்கிற லேபில் இருக்கிற கடதாசி இன்னொரு அளவு. அப்படியே கொடுத்தால் மெஷின் தன் இஷ்டத்துக்கு ஓரத்தைத் தின்றுவிடும். மணப்பெண்ணின் கொண்டை போகும், மாப்பிள்ளையின் காது போகும். அதனால் படத்தைக் கணினியில் கொஞ்சம் சுருக்கி, சுற்றிவர ஒரு கரை கட்டித்தான் அனுப்ப வேண்டும். தின்றால் கரையைத் தின்றுவிட்டுப் போகட்டும். நாலு பக்கமும் ஒரே அளவாக விட்டாலும் சரிவராது, மெஷின் ஒரு பக்கம் கூடத் தின்னும், படம் சறுக்கி விழுந்தது போலத் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கம். வெறும் வெள்ளைக் கரை என்றால் எங்கள் பெண்கள் முகம் சுளிப்பார்கள் என்று மல்லிகைச் சரம், தங்கச் சங்கிலி, மயிலிறகு என விதவிதமாக நானே செய்து வைத்திருந்தேன்.

போடருக்கு எங்களிடம் இன்னொரு வேலையும் உண்டு. கலியாண வீட்டில் மணமேடையைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் முடிந்த அடுத்த நாள் ஒவ்வொருத்தியாக என் வாசலுக்கு வருவாள். "அல்பம் மாப்பிள்ள ஊட்டுக்குப் போகும், ஆம்புளைகள் எல்லாம் பாப்பாங்க, என்ன மறைச்சிடு பரீனா." நானும் அந்தப் பக்கத்துப் போடரை மட்டும் கொஞ்சம் அகலமாக இழுத்துவிடுவேன். ஆள் மறைந்துவிடுவாள். என் போடர்களுக்குள் நிற்கிற பெண்களை வெளியே கூப்பிட்டால் ஒரு கலியாண மண்டபம் நிறையும்.

கணினியில் தலையைப் புதைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் ஸுஹைறா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கலியாணம், அதற்கும் நான்தான் படம். துவாயில் சுற்றிய ஒரு பழைய அல்பத்தை என் மேசையில் வைத்து, நடுப்பக்கத்தை விரித்தாள்.

"ராத்தா, இந்தப் போடரக் கழட்டித் தாங்க."

"என்னத்துக்குகா?"

"உம்மா அதுக்குள்ள நிக்கிறா."

நான் அல்பத்தைப் பார்த்தேன். என் கைவேலைதான். ஸுஹைறாவின் சாச்சி சரீபாவின் கலியாணம், சுனாமியில் கடல் வந்த அதே வருடம் நடந்தது. சரீபாவும் மாப்பிள்ளையும் மேடையில் இருக்கிறார்கள், சுற்றிவர மயிலிறகு. வலப்பக்கத்து இறகு மட்டும் மற்றப் பக்கங்களைவிட அகலம். அதன் ஓரத்தில் பச்சைச் சீலையின் ஒரு நுனி, அவ்வளவுதான் தெரிந்தது. அந்த இறகுக்குப் பின்னால் நின்றது சரீபாவின் மூத்த ராத்தா, ஸுஹைறாவின் உம்மா ஸகியா.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கலியாணத்துக்கு அடுத்த நாள் ஸகியா ராத்தா இதே ஸுஹைறாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் பழைய கடைக்கு மூச்சிரைக்க வந்தா. "பரீனா, அந்த நேரம் பாத்து என்ட மூக்காடு விலகிட்டு. நீயும் சரியா அந்த நேரம் பாத்துத்தான் அமத்தி இரிக்காய். என்ட முகத்த ஒரு ஆம்புள பாத்தானெண்டு கேள்விப்பட்டன், மறுமையில மஹ்ஷருல உன்ட முந்தானையத்தான் புடிப்பன்" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா, ஆனால் நான் அவவுக்கு முன்னாலேயே இறகை இழுத்து மூடிய பிறகுதான் எழும்பிப் போனா.

அதற்குச் சில மாதம் கழித்துக் கடல் வந்தது. ஸகியா ராத்தா போனா, வீடு போனது, அடையாள அட்டைக்கென்று எடுத்திருந்த ஒரேயொரு படமும் அட்டையோடு போனது. ஸுஹைறா குர்ஆன் ஓதப் போயிருந்ததால் தப்பினாள். அவள் தங்கை, கைக்குழந்தை நபீலாவை முதல் நாள் சரீபா கடலுக்கு எட்டாத சம்மாந்துறைக்குத் தூக்கிப் போயிருந்ததால் அதுவும் தப்பியது. இரண்டு பேரையும் வளர்த்தது சரீபாதான்.

"நபீலாக்கு ஆறு வயசாகப் போகுது" என்றாள் ஸுஹைறா. "நேத்து என்னக் கேக்கிறாள், உம்மா ஆர மாதிரி இரிப்பான்டு. உன்ன மாதிரித்தான், கண்ணாடியப் போய்ப் பாருன்டு சாச்சி செல்லிட்டா. புள்ள போய்ப் பாத்துட்டு வந்து, அதுக்குள்ள நான்தானே நிக்கிறனென்டு அழுகிறாள். எனக்கும் ராத்தா, உம்மாட குரல் அப்படியே காதுக்குள்ள இரிக்கி. முகத்த நினைச்சா ஒரு நாளைக்கி வருகுது, ஒரு நாளைக்கி வருகுதில்ல. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எனக்கு உம்மா வேணும்."

அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அது என் சுபாவம்.

"உன்ட உம்மாக்கு நான் வாக்குக் குடுத்திரிக்கன். அவ மூடச் சொன்னத நான் திறக்க ஏலாது. எழும்பு, எனக்கு வேல இரிக்கி."

ஸுஹைறா எழும்பவில்லை. "உம்மா என்ன சொன்ன? நானும் பக்கத்துலதானே நின்ட. ஆம்புளைகள் பாக்கப்படாதென்டுதானே சொன்ன. நான் ஆம்புளயா? நபீலா ஆம்புளயா?"

நான் மவுஸை விட்டுவிட்டு அல்பத்தை என் பக்கம் இழுத்தேன்.

"அதெல்லாம் சரி புள்ள" என்றேன், குரலை இறக்கி. "ஆனா இது கடதாசி. இதுல போடரும் படமும் ஒண்டாச் சேர்ந்து போச்சு. சுரண்டினா வெள்ளைதான் வரும்."

போட்டோசொப்பில் நான் போடர் கட்டுகிற விதத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் படம் ஒரு படலம், அதற்கு மேலே போடர் இன்னொரு படலம். ஜன்னலுக்கு மேல் திரை போட்டது போல. திரையை விலக்கினால் ஜன்னல் அப்படியே இருக்கும். அச்சடிக்க அனுப்பும்போது இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடுவேன். அதற்குப் பிறகு அது சுவர்தான், விலக்க முடியாது. ஒட்டாத கோப்பு என் பழைய கணினிக்குள் இருந்தது. அந்தக் கணினி கடற்கரை வீதிக் கடையில் இருந்தது. கடைக்கு என்ன ஆனது என்று சாய்ந்தமருதில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

சொல்லிக்கொண்டே வந்த நான் பாதியில் நிறுத்தினேன். பிறகு மேசையில் ஓங்கி அடித்தேன். ஸுஹைறா பயந்துபோய் எழும்பிவிட்டாள்.

"சதீஸ்ட பெட்டி!"

"ஆரு சதீஸ்?"

"அக்கரைப்பற்றுல லேப் வெச்சிரிக்கிற சதீஸ்! என்ட சீடி எல்லாம் அங்கதான் இரிக்கி!"

அந்தக் காலத்தில் அச்சடிக்க அக்கரைப்பற்றுக்குத்தான் போவேன். மெஷின் எந்தப் பக்கம் கூடத் தின்கிறது என்று அங்கே போய்ப் பார்த்துத்தான் போடரைச் சரிசெய்ய வேண்டும் என்பதால், ஒட்டாத கோப்புகளையே சீடியில் எழுதிக் கொண்டுபோவேன். சதீஸ் தன் கதிரையை எனக்கு விட்டுவிட்டு வெளியே போய் நிற்பான். நான் கோப்பை ஒட்டி முடித்துக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருவான். எங்களுக்குள் அது பேசிவைத்த ஏற்பாடு. பிறகும் யாராவது படம் கேட்டு வருவார்கள் என்று சீடிகளை, அவன் திறந்து பார்க்கமாட்டான் என்று நம்பி, அவனிடமே ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். சீடியில் பெண்களின் பெயரை எழுதமாட்டேன், போடரின் பெயரைத்தான் எழுதுவேன். மல்லிகை என்று எழுதியிருந்தால் யாருடைய கலியாணம் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. கடல் வந்த பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவ்வளவு பேர் போன பிறகு சீடிப் பெட்டி யாருக்கு ஞாபகம் வரும்?

"இஹ்ஸான்! ஓட்டோவ எட்றா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மதிலில் ஏறின. இஹ்ஸான் என் தம்பி. எனக்கு முதல் கெமரா கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்தவன், இப்போது ஊரோடு வந்து ஓட்டோ ஓட்டுகிறான். அவன் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வருவதற்குள் ஸுஹைறா ஏறிப் பின்சீற்றில் இருந்துவிட்டாள்.

"இறங்கு. கலியாணத்துக்கு நாள் குறிச்ச புள்ள படி தாண்டப்படாது. உன்ட சாச்சி என்னத் தோலுரிப்பா."

"உம்மா என்ட உம்மா" என்றாள், இறங்காமல். முகத்திரையை இறக்கிக்கொண்டாள்.

"ஆராவது கேட்டா நீ என்ட மாமி. வாயத் திறந்திராத" என்று சொல்லி நானும் ஏறினேன்.

காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று இஹ்ஸான் பறந்தான். இந்த ரோட்டில் நான் முன்பு சீடிகளோடு எத்தனை தரம் பயந்து பயந்து போயிருக்கிறேன். செக்பொயின்றில் ஆமிக்காரர்கள் இறக்கி, பையைக் கொட்டி, சீடியை வெயிலில் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்பார்கள். மயிலிறகு என்று சொன்னால் அவர்களுக்கு விளங்குமா? இப்போது காவலரணில் நின்றவன் கையை மட்டும் ஆட்டிப் போகச் சொன்னான். என்னுடைய கை ஸுஹைறாவின் கையைப் பிடித்திருந்ததை அட்டாளைச்சேனை தாண்டித்தான் கவனித்தேன்.

சதீஸ் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் வழக்கம்போல் கதிரையை விட்டு எழும்பினான்.

"பரீனாக்கா! எத்தின வருசம்! இருங்க, நான் வெளியால நிக்கிறன்."

"வெளியால போகாத. பெட்டிய எடு. என்ட சீடிப் பெட்டி."

அவன் முகம் மாறியது.

"ஏசப்படாது அக்கா" என்றான். "நீங்க திரும்பக் கேக்கவே இல்லத்தானே. அதான் அப்பா வயலுக்குக் கொண்டுபோயிற்றார்."

"வயலுக்கா? உங்கட அப்பா வயலுக்குள்ள படம் பாக்கிறாரா?"

"இல்லக்கா. குருவி விரட்டக் கட்ட."

ஏசக்கூடாது என்றுதான் நினைத்தேன். அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் நின்ற சனம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஏசிவிட்டேன். ஸுஹைறாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏசுறத அங்க போய் ஏசலாம் ராத்தா, வாங்க!" சதீஸ் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார்சைக்கிளில் முன்னால் போக, நாங்கள் பின்னால் ஓட்டோவில் வயல் இருந்த ஆலையடிவேம்புக்கு விரட்டினோம்.

வயலைத் தூரத்திலேயே கண்டுவிட்டேன். நெல் பால் பிடித்து நின்றது. அதற்கு மேலே கயிறு கயிறாக என் சீடிகள் தொங்கிச் சுழன்று வெயிலை வீசி அடித்தன, கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த வருடத்துக் கலியாணம் எல்லாம் கயிற்றில் தொங்கியது. ஒரு குருவிகூட அந்தப் பக்கம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சதீஸின் அப்பா முருகேசர் வரம்பில் குடையோடு நின்றார். ஓட்டோவிலிருந்து கறுப்பு அபாயாவோடு இரண்டு பெண்கள் இறங்கி வரம்பில் ஓடிவருவதைப் பார்த்து அவர் கொஞ்சம் பின்வாங்கினார்.

"ஐயா, இந்தச் சீடியெல்லாம் எப்ப கட்டின?" நான் சலாமும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை.

"போன கிழமதான் கட்டின. அதுக்கு முதல் பெட்டிக்குள்ளதான் கிடந்த. ஏன் பிள்ள?"

போன கிழமை! வெயிலில் அதிக நாள் கிடந்திருந்தால் சீடி செத்திருக்கும். நான் அந்த இடத்திலேயே அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன்.

"இதையெல்லாம் கழட்ட ஒண்ணாது பிள்ள" என்றார் முருகேசர். "கழட்டினா மறுகா குருவி இறங்கிரும். பாலெல்லாம் உறிஞ்சிப்போட்டுப் போயிரும்."

"எல்லாம் வேணாம், ஒண்டு போதும்" என்றாள் ஸுஹைறா. முகத்திரைக்குள்ளிருந்து குரல் நடுங்கி வந்தது. "அதுல என்ட உம்மா இரிக்கிறா. கடலோட போனவ. வேற படம் இல்ல."

முருகேசர் அவளைப் பார்த்தார். குடையை மடக்கி வரம்பில் குத்தினார். "தாய்ட படமா? இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு அவரே வயலுக்குள் இறங்கிவிட்டார். "என்ன எழுதியிருக்கும்?"

"மயிலிறகு!"

அதற்குப் பிறகு அந்த வயலில் நடந்ததைப் பார்த்திருந்தால் யாரும் எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுழல்கிற சீடிகளை நிறுத்தி நிறுத்தி வாசித்தோம். "மல்லிகை!" என்று இஹ்ஸான் கத்துவான். "தங்கச் சங்கிலி!" என்று சதீஸ் கத்துவான். வெயிலில் மை மங்கிப்போய்ப் பல சீடிகளில் ஒன்றும் தெரியவில்லை, சாய்த்துப் பிடித்தால்தான் பேனை அழுத்திய தடம் தெரிந்தது. நாளை மறுநாள் மணமேடையில் இருக்க வேண்டிய பிள்ளை முழங்கால்வரை சேற்றோடு நின்று "மயில்... மயிலிறகு! ராத்தா, மயிலிறகு!" என்று துள்ளினாள். நான் ஓடிப்போய்ப் பறிப்பதற்குள் அந்தக் கரையிலிருந்து முருகேசர் கூப்பிட்டார்.

"இஞ்சயும் ஒண்டு மயிலிறகு இருக்கு பிள்ள!"

அந்த வருடம் மயிலிறகுதான் மோஸ்தர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டோம். பதிலுக்கு என் வீட்டில் கிடக்கிற பழுதான சீடி அத்தனையையும் கொண்டுவந்து கட்டுவதாக முருகேசருக்கு வாக்குக் கொடுத்தேன்.

லேபுக்குத் திரும்பினோம். சதீஸ் கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, தன் பாட்டில் வெளியே போனான். இஹ்ஸானும் பின்னால் உள்ளே வரப் பார்த்தான்.

"நீ எங்க வாறாய்? நீயும் ஆம்புளதான்" என்று கதவைச் சாத்தினேன். கடைக்காரன் தன் கடைக்கு வெளியே வெயிலில் நின்றான்.

முதல் சீடியைப் போட்டேன். உடனே திறந்தது. வேறு யாரோ ஒருத்தியின் கலியாணம், நிந்தவூர்ப் பக்கம். இரண்டாவதைப் போட்டேன். உள்ளே கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கோப்புகளின் பெயர்கள் வந்தன. சரீபாவின் கலியாணம்! அந்தப் படத்தின் கோப்பைத் திறக்கப் போனேன், பாதிவரை போய் நின்றுவிட்டது. வாசிக்க முடியவில்லை என்று திரையில் எழுதி வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே.

"போச்சு" என்றாள் ஸுஹைறா, தரையைப் பார்த்து.

"வாயப் பொத்து! போச்செண்டு நான் சொன்னனா?"

"அக்கா!" சதீஸ் வெளியிலிருந்து கத்தினான். அவன் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. "வயல் தூசி பட்டு ஒட்டியிருக்கும். லாச்சிக்குள்ள மெல்லிய துணி இருக்கு. நடுவால இருந்து வெளியால துடையுங்க. சுத்தித் துடைக்கப்படாது!"

லாச்சியை இழுத்துத் துணியை எடுத்தேன். ஸுஹைறா சீடியை என்னிடமிருந்து வாங்கி, வாயால் ஊதி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று மெதுவாகத் துடைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி அவளே உள்ளே தள்ளினாள்.

சுற்றியது. பாதிவரை போனது. நின்றது. நாங்கள் இருவரும் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து, முக்கால் தாண்டி, முடிந்தது. திரையில் மயிலிறகு விரிந்தது.

பக்கத்தில் படலங்களின் வரிசை இருந்தது. மேலே போடர், கீழே படம். போடருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும், அதை அமத்தினால் அந்தப் படலம் மறையும். நான் கதிரையை அவள் பக்கம் தள்ளினேன்.

"இரி. நீயே அமத்து."

ஸுஹைறா முகத்திரையைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டாள். மவுஸைப் பிடித்தாள். அமத்தினாள்.

இறகு எல்லாம் போய்விட்டது. வலப்பக்கத்து ஓரத்தில், படம் முடியும் இடத்தில், பச்சைச் சீலையோடு ஸகியா ராத்தா நின்றா. இடுப்பில் கைக்குழந்தை. அந்தக் குழந்தை தாயின் மூக்காட்டைக் கொத்தாகப் பிடித்துத் தோள்வரை இழுத்துவிட்டிருந்தது. நடு வகிடு தெரிந்தது, காதில் அல்லுக்குத்துத் தோடு தெரிந்தது, சற்றே தூக்கிய முன்பல் தெரிந்தது. மூக்காட்டைப் பறிக்க ஒரு கையைத் தூக்கியபடி, குழந்தையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தா.

ஸுஹைறா திரைக்குக் கிட்டப் போய், இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைத் தொட்டாள்.

"ராத்தா, இது நபீலாட கை" என்றாள். "நபீலாதான் இழுத்திரிக்காள். இவள்தான் உம்மாவக் காட்டித் தந்திரிக்காள்." அதற்குப் பிறகு அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டையும் சேர்த்துச் செய்தாள். எனக்கும் வழக்கம் மாறிப்போய் அன்றைக்கு அழுகைதான் வந்தது.

"அக்கா, ஆள் இருக்கிறாவா?" என்று வெளியிலிருந்து சதீஸ் கேட்டான்.

"இரிக்கிறா!" என்று நாங்கள் இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

வெளியே இஹ்ஸான் கைதட்டினான். சதீஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மெஷின் சூடாத்தான் இருக்கு, ஒரு நிமிசத்தில அடிச்சுத் தாறன்" என்று கதவுக்குக் கிட்ட வந்தவன், அவனாகவே நின்றான். "ஓ, நான்தானே அடிக்கோணும். அப்ப சரிவராது." "உங்களிட்ட வீட்டில பிரின்டர் இருக்கா? நல்ல கடதாசி நான் தாறன்." கோப்பை என் பென்டிரைவில் எடுத்து, அவனுடைய கணினியில் ஒன்றும் மிஞ்சாமல் பார்த்து, படத்தை மூடிய பிறகுதான் அவனை உள்ளே விட்டேன். புதுக் கடதாசிப் பொதி ஒன்றை உடைக்காமல் அப்படியே என் கையில் திணித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஸகியா ராத்தா நிற்பது படத்தின் கடைசி ஓரம். என் வீட்டு பிரின்டரும் ஓரம் தின்னுகிற சாதிதான், விட்டால் அவவின் தோளைத் தின்றிருக்கும். கணினியில் படத்தைத் தாங்குகிற கன்வஸை வலப்பக்கம் தாராளமாக நீட்டினேன். வெள்ளையாக விடவா என்று கேட்டேன்.

"மயிலிறகே கட்டுங்க" என்றாள் ஸுஹைறா. "ஆனா அவக்கு அங்கால."

அப்படியே அவவுக்கு அப்பால் கட்டினேன். முதல் தாளில் பச்சைச் சீலை நீலமாக வந்தது. இரண்டாவதில் முகம் சிவந்துபோனது. மூன்றாவது தாள் பிரின்டருக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர, முதலில் வகிடு, பிறகு கண், பிறகு சிரிப்பு என்று ஸகியா ராத்தா வந்து சேர்ந்தா.

ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டில் நிற்க இடமில்லை. உள்ளறையில் ஸுஹைறா பொன்னும் பூவுமாக இருந்தாள், சுற்றிப் பெண்கள். நான் கெமராவோடு கதிரைமேல் ஏறி நின்று எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தேன். ஸுஹைறா தங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள். நபீலா சரிகை வைத்த சட்டை போட்டு, தலையில் சின்னச் சால்வை சுற்றியிருந்தாள். தலையணைக்குக் கீழிருந்து படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள் ஸுஹைறா.

"பாரு, உம்மா."

நபீலா பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இந்தப் புள்ள ஆரு?"

"நீதான்."

"நானா உம்மாட மூக்காட்டப் புடிச்சி இழுத்த?"

"ஓம்."

"உம்மா ஏசினாவா?"

"ஏசல்ல. சிரிச்சா. பாரன்."

நபீலா இன்னும் குனிந்து பார்த்தாள். "நான் உம்மாட இடுப்புல இரிக்கன்" என்று பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னாள். அடுத்தவளுக்கும் சொன்னாள். அறையிலிருந்த பெண்கள் எல்லோருக்கும் படத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். "ஆம்புளைகளுக்கு மட்டும் காட்டப்படாது, உம்மா அப்படித்தான் சொன்ன" என்று ஸுஹைறா அவள் காதில் சொல்லிவைத்தாள்.

அப்போது வாசலில் வெடி வெடித்தது. மாப்பிள்ளை வந்துவிட்டார். பெண்கள் குரவையிட்டார்கள், வீடே அதிர்ந்தது. தாலி கட்ட மாப்பிள்ளையும் அவருடைய அண்ணன்மாரான காக்காமாரும் உள்ளே வருகிறார்கள் என்று யாரோ கத்த, எல்லோரும் அவரவர் மூக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். நான் கெமராவைக் கண்ணில் வைத்துக் கதவைப் பார்த்தேன்.

கெமராவின் ஓரத்தில் நபீலா தெரிந்தாள். அவள் தன் தலையிலிருந்த சால்வையை அவசரமாக உருவினாள். அதை மடியிலிருந்த படத்தின்மேல் போட்டு, நாலு பக்கமும் இழுத்து, நன்றாக மூடினாள்.

"உம்மா, ஆம்புளைகள் வாறாங்க" என்றாள்.